பேரிக்காய் ராஜா

கார்ட்டூன் என்றாலே எனக்கு முதலில் பேரிக்காய்தான் நினைவுக்கு வரும்.

1831. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பைக் கேலிப்படம் போட்டு அவமதித்ததாக ஷார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர் மீது வழக்கு. மனிதர் நீதிமன்றத்திலேயே படம் வரைந்து காட்டினார். முதல் படத்தில் மன்னரின் முகம். அடுத்ததில் கன்னம் கொஞ்சம் தொங்கியது, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். நான்காவது படம் வெறும் பேரிக்காய். சாயல் இருப்பதே குற்றம் என்றால் இந்தப் பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்பதுதான் வாதம். நீதிமன்றம் சிரித்ததோ இல்லையோ, ஆறு மாதச் சிறையும் 2000 பிராங்க் அபராதமும் விதித்துவிட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. பாரிஸ் சுவர்களில் எல்லாம் பேரிக்காய்! படிக்கத் தெரியாதவனுக்கும் அது யாரென்று தெரியும், கரித்துண்டு இருந்தால் யாரும் வரையலாம். கட்டுரைக்கு இந்த வசதி கிடையாது. 1835இல் பத்திரிகை எழுத்தை விட்டுவிட்டு, படங்களுக்கு அரசு முன்தணிக்கை கொண்டுவந்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கார்ட்டூன் அரசியலோடு நின்றுவிடுவதும் இல்லை. ஸ்டெகோசாரஸ் டைனோசரின் வாலில் இருக்கும் முட்களுக்கு விஞ்ஞானிகளிடம் பெயரே இருக்கவில்லை. 1982இல் கேரி லார்சன் ஒரு நகைச்சுவைப் படத்தில் விளையாட்டாக ‘தாகோமைசர்’ என்று வைத்தார். இப்போது ஆய்வாளர்களும் அப்படியே சொல்கிறார்கள், சிரிக்காமல்!