சுப்பர் டீசலும் என் கேடிஎச் வானும்

மனைவியின் தம்பி போன மாதம் ஒரு டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வாங்கினான். சாவகச்சேரியில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே எனக்கு அழைப்பு எடுத்தான். "அத்தான், இதுக்கு சுப்பர் டீசல்தான் அடிக்க வேணுமாம். மாதம் ஒரு போத்தல் மருந்தும் டீசலோட கலந்து ஊத்தினா இழுவை கூடுமாம். உண்மையே?"

சுப்பர் டீசல் என்பது சாதாரண டீசலைவிட விலை கூடிய, கந்தகம் குறைந்த டீசல். ஆனால் இது தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விசயமில்லை. நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து கொழும்புக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ் டீசல்) வான் ஓடுகிறவன். எங்கள் வீட்டு அடுப்பு அந்த எஞ்சினை நம்பித்தான் எரிகிறது. அதனால் இதை நிறையப் படித்தேன், காசும் செலவழித்துப் பார்த்தேன்.

2023இல் ஒரு குடும்பத்தை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போனேன். ஏ9 வீதியில் மாத்தளை வரை வானில் எந்தக் குறையும் தெரியவில்லை. றம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் இழுவை விட்டுப் போனது. இரண்டாம் கியரில் முழுதாக மிதித்தாலும் ஏறமாட்டேன் என்றது. பின்னால் கறுப்புப் புகை. பின் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் "தம்பி, ஏசியை நிப்பாட்டுங்கோ, பாவம்" என்று வானுக்காக இரங்கிச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

திரும்பி வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானும் முதலில் சுப்பர் டீசல் அடித்தேன். பிறகு போத்தல் மருந்து ஒன்றும் ஊற்றினேன். இரண்டு தாங்கி ஓடியபின் காலையில் எஞ்சின் தொடங்கும்போது வந்த கடகடப்பு கொஞ்சம் குறைந்தது. அது உண்மை. ஆனால் இழுவை திரும்பவில்லை.

காரணம் இதுதான். டீசல் எஞ்சினில் பிளக் பொறி கிடையாது. இறுக்கி அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. பீச்சியதற்கும் பற்றியதற்கும் இடையில் கண் இமைப்பதைவிடக் குறைந்த ஒரு தாமதம் இருக்கும். அது நீண்டால், தேங்கி நின்ற டீசல் எல்லாம் ஒரேயடியாகப் பற்றி 'டக் டக்' என்று அடிக்கும். இந்தத் தாமதத்தைக் குறைக்கும் குணத்தைத்தான் சீட்டேன் எண் காட்டுகிறது. ஐரோப்பிய டீசல் தரத்தில் அது குறைந்தது 51 இருக்க வேண்டும். சீட்டேன் கூடினால் சத்தமும் காலை வெள்ளைப் புகையும் குறையும். ஆனால் எஞ்சினுக்குத் தேவையான அளவு இருந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பலம் கூடாது. பலம் எரிகிற டீசலின் சூட்டில் இருந்து வருவது. ஒரு லீற்றர் சாதாரண டீசலிலும் ஒரு லீற்றர் சுப்பரிலும் அந்தச் சூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

சுப்பரில் கந்தகம் குறைவு, அது வேறு நன்மை. ஐரோப்பாவில் 2005இல் டீசலில் கந்தகத்தை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஆக்கி, 2009இல் 10 ஆகக் குறைத்தார்கள். புகைக் குழாயில் கரிவடிகட்டி பூட்டிய புதிய வாகனங்களுக்குக் குறைந்த கந்தகம் கட்டாயம் வேண்டும். மைத்துனனின் டபிள் கப்பில் அந்த வடிகட்டி இருந்தால் மறுபேச்சில்லாமல் சுப்பர்தான். கையேட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

போத்தல் மருந்துக்கு வருவோம். சீட்டேனைக் கூட்டுகிற நைட்ரேட் ஒன்றும், அழுக்கு கழுவுகிற டிற்றர்ஜன்ற் ஒன்றும்தான் பெரும்பாலும் அதில் முக்கியமானவை. இரண்டாவதுதான் பெறுமதியானது. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களில் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள்ளால் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கு மேல், டீசல் பீச்சுகிறது. துளையில் கரி படிந்தால் பீச்சு குழம்பி, இழுவை குறையும். ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் ஒரு சோதனை செய்கிறார்கள். பியூஜோ எஞ்சின் ஒன்றுக்கு வேண்டுமென்றே 1 பிபிஎம் நாகம் கலந்த டீசலைக் கொடுத்து ஓட்டுகிறார்கள். துளைகள் படிந்து பலம் குறைகிறது. பிறகு மருந்து கலந்த டீசலைக் கொடுத்தால், மருந்து நல்லதாயின் போன பலம் திரும்புகிறது. போனதுதான் திரும்புகிறது, புதிதாக ஒன்றும் வருவதில்லை. துளை துப்புரவாக இருக்கிற எஞ்சினுக்கு அந்த மருந்தால் செய்ய எதுவுமில்லை.

என் வானில் கரியைவிடப் பெரிய கேடு இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்றிய அண்ணை மூன்றாவதைக் காட்டினார். "இது தேஞ்சு போச்சு தம்பி. மருந்தெல்லாம் ஊத்தைக்குத்தான். தேஞ்சதுக்கு என்ன செய்யும்?" பிறகு பில்டரின் அடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் வடித்தார். பாதி தண்ணீர், அதில் துருத்தூள்.

அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. 2022இல் டீசலுக்கு வரிசையில் இரவும் பகலும் கிடந்தோம். ஆனி மாதக் கடைசியில் சாதாரண டீசல் லீற்றர் 460 ரூபாய், சுப்பர் 520. கிடைத்ததைக் கான்களில் நிரப்பி வீட்டுப் பின்கொட்டிலில் வைத்தேன். மாரி மழையில் அந்தக் கான்களுக்குள் ஈரம் பனித்திருக்கிறது. அடிமட்டம் வரை சரித்து ஊற்றியதும் நான்தான். தண்ணீருக்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. இன்ஜெக்டரும் பம்பும் அந்த வழுவழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன.

இது எங்கள் ஊருக்குப் புதுப் பாடமும் இல்லை. தொண்ணூறுகளில் போரினால் எரிபொருள் தடை இருந்த காலத்தில் அப்பா ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துத் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கண் எரியும், புகை மூடும், பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைப்பார். டீசல் வாகனக்காரர் மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். பம்ப் காய்ந்து இறுகாமல் இருக்க அந்த எண்ணெய் வேண்டும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கந்தகம் நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைகிறது என்பதால், அதற்கென்றே மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள். யோசித்தால் அதே வேலை.

இன்ஜெக்டர் மாற்றியபின் ஒரு கணக்குப் பார்த்தேன். கொழும்புக்கு ஆறு ஓட்டம். மூன்று சாதாரண டீசலில், மூன்று சுப்பரில். ஒவ்வொரு முறையும் ஒரே பெற்றோல் செட்டில் தாங்கி முட்ட நிரப்பி, மீற்றரைக் குறித்தேன். சாதாரணத்தில் லீற்றருக்கு 10.1, 9.8, 10.4 கிலோமீற்றர். சுப்பரில் 10.2, 10.0, 10.3. ஏசி போட்டதும் ஆட்களின் எண்ணிக்கையும் கொண்டுவரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. 2022இல் இருந்ததுபோல் லீற்றருக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்றால் 70 லீற்றர் தாங்கிக்கு 4,200 ரூபாய். அந்தக் காசுக்கு நேரத்துக்கு ஒரு நல்ல பில்டர் மாற்றுவேன்.

அதற்காக சுப்பரை வெறுக்கவில்லை. நீண்ட மலை ஓட்டத்துக்கு முன் ஒரு தாங்கி அடிப்பேன், காலையில் சத்தம் குறைகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. போத்தல் மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். மற்றப்படி, எரிபொருள் பவுசர் அடிக்கடி வந்துபோகிற செட்டில் அடிக்கிறேன், பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும்போது அடிப்பதில்லை, அடியில் கிடக்கும் ஊத்தை கலங்கியிருக்கும்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை பில்டரின் அடியை வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து மதிலில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தன் டபிள் கப்பில் வடித்ததைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வெயிலில் இரண்டையும் பார்த்தோம். என்னுடையது தெளிந்த மஞ்சள். அவனுடையதின் அடியில் ஒரு விரல் தண்ணீர்.

"முதல் வைச்சிருந்த ஆள் ஒருக்காலும் வடிக்கேல்லைப் போல, அத்தான்" என்றான். போத்தலை எடுத்துக்கொண்டு புது பில்டர் வாங்கக் கிளம்பினான்.