புல் வெட்ட எதுக்கு தம்பி அக்ரிமென்ட்டு?

தஞ்சாவூர், கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் லான் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வளாகம், சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஊரில் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடு, எல்லாம் உண்டு. பேப்பரை நீட்டினால் எல்லாரும் கேட்பது தலைப்பில் இருப்பதைத்தான். வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தான், 1872-ஆம் வருஷத்துச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் பேசியது சித்திரையில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று நான் ரேட் போடுவதில்லை. மாசத்துக்கு ஒரு தொகை. மழைக்காலத்தில் புல் மளமளவென்று வளரும், ஆனால் நம்ம களிமண்ணில் மெஷினை இறக்க முடியாது. சக்கரத் தடம் பள்ளமாக விழுந்துவிடும். கோடையில் வெட்டு குறைவு, தண்ணீர் வேலைதான் அதிகம். அதனால், 'தரை காய்ந்த பிறகே மெஷின் இறங்கும்' என்று ஒரு வரி. கிழமையும் குறிப்பதில்லை, வாரம் ஒருமுறை என்றுதான் எழுதுவேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு, அதற்குப் பின்னால் சம்பா. அப்போது எந்த ஆள் எனக்குச் செவ்வாய்க்கிழமை வருவேன் என்று சத்தியம் செய்வார்?

தகராறு வருவது கோரையில்தான். கொரியன் புல் நடுவே பளபளவென்று தனியாக நிமிர்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். தோண்டிப் பார்த்தால் கறுப்பாக, கொண்டைக்கடலை மாதிரி, ஒன்றோடொன்று நூல் கோத்தபடி கிடக்கும். (நசுக்கினால் நல்ல வாசனை, ஸ்நானப் பொடியில் போடுவது இதைத்தான்.) மேலே வெட்டினால் சில நாளில் திரும்பத் தலை நீட்டும். ஆகவே 'களை எடுத்தல்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. கையால் எடுப்பது மாசத் தொகையில் அடக்கம், மருந்து அடிப்பதும் மண் மாற்றுவதும் தனி. அடியோடு ஒழிப்பேன் என்று எழுதிக் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

2018 நவம்பர் 16 கஜாவுக்குப் பிறகு புயலுக்கும் ஒரு வரி சேர்ந்தது. விழுந்த தென்னையை அறுத்து அகற்றுவது லான் வேலையில் வராது.

மண்டபங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: புல்தரையில் கார் ஏற்றினாலோ பந்தக்கால் நட்டாலோ சரிசெய்யும் செலவு அவர்களுடையது. ஒரு மண்டபத்துப் பெரியவர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை காரை நான் எப்படி தம்பி நிறுத்துறது?"

"நிறுத்த வேணாங்கய்யா. செலவை அவங்க அட்வான்ஸ்ல பிடிச்சுக்குங்க."

கொஞ்சம் யோசித்தவர், பேனாவை வாங்கி, 'பந்தல் போடுவதற்கு மூன்று நாள் முன்பு தகவல் தரப்படும்' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வரி இப்போது என் எல்லா மண்டப அக்ரிமென்ட்டிலும் இருக்கிறது.