மழைக்காலத்தில் திறக்க மறுக்கும் ஒபினெல்

ஒபினெல் பேனாக்கத்தி வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கத்தி திறக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" அலகு துருப்பிடிக்கும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். துருவைத் துடைத்துவிடலாம். நம் ஊர் ஈரத்தில் இந்தக் கத்தியைப் படுத்துவது அதன் மரப்பிடிதான். கத்தி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே மரத்தைக் கவனித்துவிட்டால் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியான சவோயில், கோடரி, அரிவாள் அடிக்கும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசஃப் ஒபினெல் 1890-இல் வடிவமைத்த கத்தி இது. 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகளைப் பிரித்தார். அன்றாடம் பையில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலோர் எடுப்பது எண் 8: அலகு 8.5 செ.மீ., மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், எடை 50 கிராமைத் தொடாது. மொத்தம் ஐந்தே பாகங்கள்: அலகு, பீச் மரப்பிடி, குறுக்கே போகும் ஆணி, பிடியின் தலையில் இறுகப் பொருந்திய உலோகப் பட்டை, அதன்மேல் சுழலும் பூட்டு வளையம். அந்த வளையம் 1955-இல் வந்தது. ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. அலகு திறந்து மூடுவதற்கான இறுக்கம் முழுவதையும் தருவது மரப் பிளவின் இரண்டு சுவர்களும்தான். மரம் ஊதினால் அவை அலகை நெரிக்கும். மரம் காய்ந்து சுருங்கினால் அலகு தளரும்.

பிடியின் வெளிப்புறம் வார்னிஷ் பூசித்தான் வருகிறது. ஆனால் அலகு உட்காரும் பிளவுக்குள் மரம் வெறுமையாக இருக்கும். ஈரம் நுழையும் வாசல் அதுதான். வெளியே என்னதான் மெழுகு தேய்த்தாலும் பலன் இல்லாததற்குக் காரணமும் அதுவே. எண்ணெய் போக வேண்டிய இடம் பிளவின் உள்ளேயும், ஆணிப் பக்கத்து மர நுனியும்.

இதற்கு ஏற்றது பச்சை (எதுவும் சேர்க்காத) ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் 'பாயில்டு' என்று விற்பது வேண்டாம்; சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், பழம் நறுக்கும் கத்திக்கு ஆகாது. கத்தியை முழுவதும் திறந்து வளையத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் எண்ணெய் தொட்டுப் பிளவின் இரண்டு சுவரிலும் அடியிலும் தடவுங்கள். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. மெல்லிசாகத் தடவினால்தான் உள்ளே காயும். கனமாக ஊற்றினால் மேலே பிசுபிசுவென்று தங்கிவிடும். காய்கிற நாளெல்லாம் கத்தி திறந்தே இருக்கட்டும், மடக்கி வைத்தால் எண்ணெய் பசைபோல அலகைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணி தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் இந்த வேலைக்கு உதவாது. முழுசாகக் காயாமல் கோந்துபோல் ஆகி, பைக்குள் இருக்கும் நூல் தூசியை எல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால் நகத்தை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம், நகம்தான் பிய்யும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு நூலளவு வெளியே வரும். அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். சவோய் விவசாயிகளின் பழைய வழி இது, பிரெஞ்சுக்காரர்கள் இதைச் 'சவோய்க்காரன் தட்டு' என்றே சொல்கிறார்கள். அந்த ஊர் மரமும் ஊதும்தானே.

தட்டியும் வரவில்லை என்றால் உப்புத்தாள் எடுக்கலாம். ஆனால் அடைமழை நடுவில் தேய்க்கக் கூடாது. ஊதியிருக்கும் மரத்தைத் தேய்த்துச் சரிசெய்தால், பங்குனியில் அது காய்ந்து சுருங்கும்போது அலகு பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்துக்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. மின்விசிறிக் காற்றில் நான்கைந்து நாள் உலரவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் போகாவிட்டால் மட்டும் வளையத்தைக் கழற்றுங்கள். கத்தி மடங்கிய நிலையில், சர்க்ளிப் பிளையரின் (வளையங்களை விரித்துக் கழற்ற உதவும், கூர்முனை கொண்ட இடுக்கி) முனைகளை வளையத்தின் வெட்டுக்குள் விட்டுச் சற்றே விரித்து மேல்நோக்கி எடுத்தால் வந்துவிடும். துள்ளித் தெறிக்கக்கூடும், மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அலகைத் திறந்து பிளவின் சுவரைப் பாருங்கள். உரசுகிற இடம் கறுத்தோ பளபளத்தோ தெரியும், பெரும்பாலும் ஆணிக்குப் பக்கத்தில். 220 நம்பர் உப்புத்தாளை ஒரு மெல்லிய அட்டையில் சுற்றி அந்த இடத்தில் மட்டும் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்து, மடக்கித் திறந்து பாருங்கள். போதவில்லையா, இன்னும் ஐந்து. இது முடிந்த பிறகுதான் எண்ணெய். ஆணி அருகே துளி வாசலின் தடவினால் அசைவு வெண்ணெயாகிவிடும்.

அலகில் இரண்டு வகை. 'கார்போன்' என்று முத்திரை இருப்பது கார்பன் எஃகு. 'இனாக்ஸ்' என்றிருப்பது ஸ்டெயின்லெஸ். கடற்கரை ஊரில் வியர்வைச் சட்டைப்பையில் சுமப்பவருக்கு இனாக்ஸ்தான் என் பரிந்துரை. கார்பன் எளிதில் கூராகும், உண்மைதான். ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் பட்டதும் கறுக்கும், நறுக்கிய துண்டிலும் இரும்பு வாடை அடிக்கும். நாளடைவில் சாம்பல் நிறம் படிந்தால் அது கெடுதல் இல்லை, கொஞ்சம் காவல்கூட. செம்பழுப்புத் துருதான் அலகைத் தின்னும். வெட்டி முடித்ததும் துடைத்துக் காயவைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு தடவினால் போதும். தையல் மெஷின் எண்ணெய் சாப்பாட்டில் படக் கூடாது.

கூர் போட, தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் இதைக் கொடுக்காதீர்கள். வீட்டு அரிவாள்மனை அதைத் தாங்கும். இந்த மெல்லிய அலகு நொடியில் சூடேறி நீலம் பாரிக்கும். அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீரில் நனைத்துத் தீட்டும் 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று போதும். அலகின் முதுகைக் கல்லிலிருந்து 5 முதல் 6 மில்லிமீட்டர் தூக்குங்கள், பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைவு. அலகின் அகலத்துக்கு அது 15 முதல் 20 டிகிரி கோணம் தரும். கோணம் சரியா என்று அறிய விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை விளிம்புவரை அழிந்தால் சரி. விளிம்பில் மை மிஞ்சினால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் விரலில் தட்டுப்படும் பிசிறு எழும். அது அடி முதல் நுனி வரை எழும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். அவசரப்பட்டு மாற்றுவதால்தான் பாதிப் பேருக்குக் கூர் வருவதில்லை. மறுபக்கமும் முடித்து, கடைசியில் தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போக இருபது முறை இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். செய்தித்தாளைச் சத்தமில்லாமல் அறுத்தால் வேலை முடிந்தது.

நுனி மிகவும் மெல்லிசு. திருப்புளியாகவோ டப்பா மூடி நெம்பவோ அதைப் பயன்படுத்தினால் ஒடியும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. செக்-இன் பெட்டியில் போடுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. எண் 8 நீளத்திலும் பூட்டிலும் இரண்டு வகையிலும் தவறும். அங்கே இருப்பவர்கள் பூட்டு வளையம் இல்லாத சிறிய எண் 5 வாங்கலாம். எண்ணெய் வைத்தியம் அதற்கும் இதேதான்.