குறிப்பில் இருந்த ஒரு வரி

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல் என் குறிப்பில் ஒரு வரி மாறாமல் இருந்து வந்தது: "பாறைக் கோள்கள் விண்மீனுக்கு அருகிலும் வாயுக் கோள்கள் தொலைவிலும் இருக்கும்." ஒரு வெள்ளிக்கிழமை, தரம் 12 மாணவி ஒருத்தி அதை எழுதி முடித்துவிட்டு, "ரீச்சர், இது எல்லா விண்மீனுக்குமா, எங்கட சூரியனுக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது 1995 இலேயே தெரிந்துவிட்ட செய்தி. வானியலாளர்களான மிசேல் மேயர், டிடியே குவெலோ ஆகிய இருவரும் அவ்வாண்டு அறிவித்த 51 பெகாசி பி, ஏறத்தாழ 50 ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றை 4.2 நாளில் சுற்றிவருகின்ற வாயுக் கோள்; நம் புதனுக்கே 88 நாள் வேண்டும். அவர்கள் கோளைக் கண்ணால் காணவில்லை. கோளின் ஈர்ப்பினால் விண்மீன் செக்கனுக்கு 50 மீற்றருக்கும் சற்று மேற்பட்ட வேகத்தில் நம்மை நோக்கியும் விலகியும் அசைவதை, அதன் நிறமாலைக் கோடுகளின் டொப்ளர் பெயர்ச்சியிலிருந்து, அதாவது விண்மீன் அணுகும்போதும் விலகும்போதும் அதன் ஒளியின் அலைநீளம் சற்றே மாறுவதிலிருந்து, அளந்தார்கள். வியாழன் சூரியனை அசைப்பதோ செக்கனுக்கு 12 மீற்றர் அளவில்தான். அந்த அசைவு ஒருமுறை முடியவும் ஏறத்தாழ 12 ஆண்டு ஆகும். ஆகவே, விண்மீனை ஒட்டிச் சுற்றும் கனத்த கோள்களே இம்முறையில் முதலில் அகப்பட்டன என்பதையும், அத்தகையவை உண்மையில் அரியவை, சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றுக்கே உள்ளன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. அவை பனி உறையும் தொலைவில் உருவாகிப் பின்னர் உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். எனவே அந்த வரியை நான் வெட்டவில்லை. "நம் சூரியக் குடும்பத்தில்" என்று அதன் முன்னே எழுதச் செய்தேன்.

ஆனாலும் 51 பெகாசி என்ற அவ்விண்மீனை மாணவர்களுக்குக் காட்டாமல் விட மனம் வரவில்லை. அது புரட்டாதி மாதம், மாரி மழைக்கு முந்திய நிலவில்லாத நாள்கள். புதன்கிழமை இரவு, பெற்றோர் சிலரும் உடன்வரச் சல்லிக் கடற்கரைக்குப் போனோம். பூரட்டாதியின் இரு மீன்களும் கடலுக்கு மேலே ஏறியிருந்தன. அவற்றை இணைக்கும் கோட்டின் நடுவே, சற்று மேற்காக, பைனாகுலரில் ஒரு சிறு மங்கற் புள்ளி. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நான் கேள்வி கேட்ட வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அங்க ஒரு வருசம் முடிஞ்சிட்டுது, ரீச்சர்."