பெருந்தொற்றும் உலக அரசியலும்: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

டெல்லி கரோல் பாக்கில் அறை எடுத்து, தமிழ்வழியில் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் முதன்மைத் தேர்வான மெயின்ஸுக்குத் தயாரான நாட்களில் பொது அறிவு இரண்டாம் தாளில் என்னை ரொம்பவும் அலைக்கழித்தது, பெருந்தொற்று உலக அரசியலை எப்படி மாற்றியது என்ற பகுதிதான். 2020 மெயின்ஸில், கோவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் ஆற்றிய பங்கை ஆராயச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எழுதி, லைப்ரரியில் எதிரே உட்காரும் திருநெல்வேலி அக்காவிடம் கொடுத்தேன். ஊரடங்கு, உயிரிழப்பு, பொருளாதாரச் சரிவு என ஒன்றரைப் பக்கம். படித்துவிட்டு, "தம்பி, இதுல நோய் இருக்கு. அரசியல் எங்க இருக்கு?" என்றார்.

அதன்பிறகு ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டேன்: தடுப்பூசி. நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்தேன். தேதி, யார் என்ன செய்தார்கள், அதனால் யார் யாரிடம் நெருங்கினார்கள் அல்லது விலகினார்கள்.

2021 ஜனவரி 20-ல் இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய முதல் கோவிட் தடுப்பூசிகள் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் போயின. இரண்டுமே சீனாவின் நிழல் விழும் இடங்கள். இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றது. தடுப்பூசி தயாரிக்கும் புனே சீரம் நிறுவனத்தை நம்பியிருந்த கோவாக்ஸ், அதாவது ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் உலகத் திட்டம், தடுமாறியது. இந்தியத் தடுப்பூசிக்குப் பணம் கட்டிக் காத்திருந்த வங்கதேசம் சீனாவின் சைனோபார்ம் தடுப்பூசி பக்கம் திரும்பியது. இந்தச் சில வரிகளில் அண்டைநாட்டுக் கொள்கை முழுவதும் வந்துவிடுகிறது.

அதே இந்தியாதான் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் கோவிட் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளுக்குக் காப்புரிமை விலக்குக் கேட்டது. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான சுருங்கிய முடிவு. மருந்தும் பரிசோதனைக் கருவிகளும் அதில் இல்லை. கேட்ட இந்தியா, நிறுத்திய இந்தியா, இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் பதில் பிரச்சாரமாகிவிடும்.

இன்னொரு ஒப்பீட்டையும் கையில் வைத்திருங்கள். 2014-ல் எபோலா பரவியபோது ஐ.நா. பாதுகாப்பு அவை அதைப் பன்னாட்டு அமைதிக்கு அச்சுறுத்தல் என்று அறிவித்தது. கோவிட்டிலோ, முதல் தீர்மானம் நிறைவேறவே 2020 ஜூலை 1 ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தைத் தீர்மானத்தில் குறிப்பிடலாமா என்று அமெரிக்காவும் சீனாவும் இழுத்ததுதான் காரணம்.

எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்டிவிடாதீர்கள். அமெரிக்க–சீன வர்த்தகப் போர் 2018-லேயே தொடங்கிவிட்டது. கோவிட் அதை முற்ற வைத்தது.

இப்போது தொடங்குகிறவர்கள் 2025 மே 20-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அமெரிக்கா அதில் சேரவில்லை. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்பதைப் பிற்சேர்க்கைக்கு என்று தள்ளிவைத்துவிட்டுத்தான் அந்த ஒப்பந்தத்தையே ஏற்றார்கள். என் நோட்டின் மூன்றாம் பத்தியில் அதற்கு அரைப் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.