வேலிச் சேலை

ஜூலை 2
வந்து மூணு நாளாச்சு, தூக்கம் மட்டும் இன்னும் அட்லாண்டாவுலயே இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு சூட்கேஸை திறக்கறேன், மூடறேன். இவரு "ஏம்மே, எலி மாதிரி என்னத்த உருட்டற"ங்கறாரு. நாளைக்கு காவேரிப்பட்டணம், அம்மா வீட்டுக்கு போகணும்.

ஜூலை 3
போகல.

ஜூலை 5
இன்னிக்கும் போகல. வெயில்னு சொல்லிட்டேன். வெயில் ஒண்ணும் இல்ல.

ஜூலை 6
அந்த வட்ட பிளேடு கட்டரை இவருகிட்ட எடுத்துக் காட்டுனேன். பீட்சா வெட்டறதான்னாரு. 45 எம்எம் பிளேடு, நாலு மடிப்பு துணியை ஒரே இழுப்புல வெட்டும், கத்திரி மாதிரி துணியை தூக்கி விடாது. குயில்ட் தைக்கப் போறேன்னேன். குயிலான்னாரு. விளக்கம் சொன்னா அதுக்குள்ள பேப்பருக்குள்ள போயிட்டாரு.

வியாழக்கிழமைன்னா பொண்ணு என்னை லைப்ரரியில இறக்கி விட்டுட்டு குழந்தையோட திரும்பிடுவா. அங்க எட்டு பத்து பொம்பளைங்க உக்காந்து தைப்பாங்க. மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரே துணி, மூணையும் சேத்து ஓட்டுத்தையல் போட்ட போர்வை, அவ்ளோதான் குயில்ட். அவங்க பேசறது எனக்கு பாதி புரியாது, நான் பேசறது அவங்களுக்கு சுத்தமா புரியாது, ஆனா ஊசி கோக்கறப்ப எல்லாரும் நூலை நாக்குல வெச்சு தான் ஈரம் பண்றாங்க. ஒரே வயித்தெரிச்சல் என்னன்னா கடையில புதுத்துணியை காசு குடுத்து வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுபடி ஒட்டறாங்க. எங்கம்மா பாத்திருந்தா திட்டியிருக்கும்.

ஜூலை 9
போனேன். அம்மா போட்டோல மாலை காஞ்சிருந்துச்சு. காபி குடுத்தாங்க. குடிச்சேன்.

ட்ரங்க் பெட்டியை திறந்தா உள்ள மாங்கா லோடு ரசீதும் ஒரு பழைய தராசுத் தட்டும். சேலையெல்லாம் எங்கன்னேன். "காரியம் முடிஞ்சதும் கேட்டவங்களுக்கு குடுத்துட்டோம்க்கா, நீங்க தான் ஊர்ல இல்லியே"ன்னா தம்பி பொண்டாட்டி. தப்பா ஒண்ணும் சொல்லல. அரக்குச் சேலையை கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

ஜூலை 10
நீங்க தான் ஊர்ல இல்லியே.

ஜூலை 14
இதை எழுதி வெச்சுடணும், இல்லாட்டி மறந்துடும். கிளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஒரு ஞாயித்துக்கிழமை அட்லாண்டாவுல ஹை மியூசியத்துக்கு கூட்டிட்டு போனாரு. நான் கால் வலிக்குது, எங்கயாச்சும் உக்காரலாம்னு இருந்தேன். ஒரு செவுத்துல போர்வை தொங்குது. போர்வை தான், பழசு, கோணல் மாணல், ஒரு கோடு கூட நேரா இல்ல. அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, ஆறு மூணு பக்கமும் வளைச்சுக்கிட்டு ஓடுமாம், அங்க இருக்கற கறுப்பினப் பொம்பளைங்க கிழிஞ்ச காட்டு வேலைத் துணியில தைச்சது. அக்கரை போற படகை 1962ல நிறுத்திட்டாங்களாம், இவங்க டவுனுக்கு போய் ஓட்டுரிமைக்கு பேரு பதியக் கூடாதுன்னு. மறுபடி விட்டது 2006ல தான். அதுக்கு முன்னாடியே, 2002ல, இவங்க போர்வை எல்லாம் நியூயார்க் விட்னி மியூசியத்துல தொங்கிடுச்சு. போர்வை போன பின்னாடி தான் படகு வந்துச்சு, இது என்ன கணக்கோ.

இவருகிட்ட சொன்னப்ப எதுவும் ஏறல. 2006ல அமெரிக்கா தபால்துறை இந்த போர்வைங்களை பத்து ஸ்டாம்ப்பா போட்டுச்சுன்னதும் கண்ணாடியை கழட்டிட்டு நிமிர்ந்தாரு. முப்பத்தி நாலு வருஷம் போஸ்ட் ஆபீஸ். "பத்துமா? செட்டா கிடைக்குமா?"

சொல்ல வந்தது அது இல்ல. ஒரு போர்வை முழுக்க ஜீன்ஸ் துணி, வெளுத்துப் போயி சாம்பலா இருக்கு, நடுவுல ஒரு சதுரம் மட்டும் கரு நீலம். என்னடா சாயம்னு கிட்ட போய் பாத்தா, அங்க ஒரு பாக்கெட் இருந்திருக்கு. பாக்கெட்டை பிரிச்சு எடுத்ததும் அடியில வெயில் படாத துணி அப்படியே புதுசா நிக்குது. நான் அங்கயே நின்னுட்டேன், பொண்ணு வந்து கையை புடிச்சு இழுக்கற வரைக்கும்.

ஜூலை 22
பாத்துட்டேன்.

ஷேர் ஆட்டோல வர்றப்ப, தம்பி குத்தகைக்கு விட்ட கடலைக்காடு. காட்டுப்பன்னிக்கு சுத்தியும் சேலை கட்டியிருக்காங்க, இங்க எல்லா காட்டுலயும் கட்டறது தான், நான் தினம் பாக்கறது தான். வாடாமல்லி ஒண்ணு காத்துல உப்பிக்கிட்டு நிக்குது. அந்தக் கரையில டீ கறை இருக்கும், எனக்கு தெரியும், கொட்டுனதே நான் தான். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்குனேன். பதினோரு சேலை. அடுத்தடுத்து குச்சியில முடிச்சு போட்டு இழுத்துக் கட்டியிருக்கு. எங்கம்மா காட்டை சுத்தி நிக்குது.

சிரிப்பு தான் வந்துச்சு முதல்ல. அப்புறம் ஆட்டோக்காரரு தண்ணி குடுத்தாரு.

அரக்கு அதுல இல்ல.

ஜூலை 23
கடலைக்காட்டுக்காரப் பையன்கிட்ட பேசுனேன். "ஏம்மா, அவுத்துட்டா நைட்டே பன்னி வந்துடும்மா. விதையவே தோண்டித் தின்னுடும்." சரிடா, ஒண்ணுக்கு ரெண்டா தரேன், பளிச்சுனு புதுசுன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தான். அமெரிக்கா போயிட்டு வந்து என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருப்பான்.

ஜூலை 27
பர்கூர் போய் ஜவுளிக்கடை சந்தெல்லாம் அலைஞ்சு டிசைன் தப்பா விழுந்த சேலை, ஒண்ணு 140 ரூபாய்னு இருபத்திரெண்டு வாங்கினேன். இவரு பஸ்ல ஒரு வார்த்தை பேசல. மூட்டையை மட்டும் தூக்கிட்டு வந்தாரு.

ஜூலை 28
பதினொண்ணும் வீட்ல. எடுத்து முகர்ந்து பாத்தேன். மண்ணு வாசம், பன்னிக்கு அடிச்ச மருந்து வாசம். வேற ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 1
ரெண்டு தடவை அலசி மொட்டை மாடியில போட்டாச்சு. இப்ப தான் சரியா தெரியுது. வெயில் பட்ட பக்கம் வாடாமல்லி ரோஸாயி, ரோஸும் போயி ஒரு பழைய சாதம் கலரு. முடிச்சு போட்ட இடத்தை அவுத்தா உள்ள மடிப்பு மடிப்பா அசல் வாடாமல்லி, நேத்து எடுத்த மாதிரி, விசிறி விரிஞ்ச மாதிரி. ஒவ்வொரு சேலையிலயும் ஆறு ஏழு முடிச்சு. இதை எவ்ளோ காசு குடுத்தாலும் சாயப்பட்டறையில போட முடியாது. கட்டரை எடுத்து வெச்சேன். திரும்ப மூடி வெச்சுட்டேன்.

பாப்பா வீடியோல சிரிக்குது. இங்க ராத்திரி பத்து, அங்க மத்தியானம்.

ஆகஸ்ட் 5
நைலக்ஸ் நாலும் வெயிலுக்கு அசையல, கலரும் போகல, வேணாம். நூல் சேலை ஏழுல ரெண்டு கைய வெச்சாலே அப்பளம் மாதிரி கிழியுது. முடிச்சுகிட்ட மட்டும் தான் பலம். அப்ப முடிச்சுங்களை மட்டும் சதுரமா வெட்டிட்டு, வெளுத்த பாகத்தை ரெட்டையா மடிச்சு நடுவுல குடுக்கணும். அடிக்கு இவரு பழைய வேட்டி. ஆறடிக்கு அஞ்சடி. கணக்கு போட்டே ராத்திரி போச்சு, ஆனா சந்தோஷமா போச்சு.

ஆகஸ்ட் 8
வியாழன். நானும் லைப்ரரி மாதிரி திண்ணையில உக்கார வெச்சுடலாம்னு தெருவுல நாலு பேரை கூப்பிட்டேன். மூணு பேரு வந்தாங்க. ஒருத்தி நைட்டிக்கு கை வெக்க துணி கொண்டு வந்தா, ஒருத்தி நிப்பட்டு கொண்டு வந்தா. வட்ட கட்டரை எல்லாரும் ஒரு தடவை உருட்டிப் பாத்தாங்க. நைட்டி தைச்சு முடிச்சோம்.

ஆகஸ்ட் 15
அதே மூணு பேரு, கூட ஒரு பாட்டி. பாட்டி ஒண்ணும் கேக்காம என் கையில இருந்து ஊசியை வாங்கி ஓட்டுத்தையல் போட ஆரம்பிச்சுடுச்சு, அரிசி அரிசியா. "இதுக்கா அமெரிக்கா போன"ங்குது.

ஆகஸ்ட் 19
தம்பி பொண்டாட்டி வந்தா. திண்ணையில விரிச்சிருக்கறதை பாத்து உக்காந்துட்டா, ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தா. எனக்கு தாங்கல, கேட்டுட்டேன். அரக்குச் சேலை எங்கம்மா?

"அதைத் தானேக்கா கட்டி அனுப்புனோம். வீடியோ அனுப்புனாரே, நீங்க பாக்கலியா?"

ஆகஸ்ட் 20
தைக்கல.

ஆகஸ்ட் 21
தைக்கல.

ஆகஸ்ட் 24
அட்லாண்டாவுல இருந்தப்ப லைப்ரரி புக்ல ஒருத்தங்க கதை படிச்சேன், பொண்ணு தான் அர்த்தம் சொன்னா. அதே ஜீஸ் பெண்ட், மிசௌரி பெட்வே. புருஷன் செத்ததும் அவரு காட்டு வேலைத் துணியெல்லாம் எடுத்து 1942ல ஒரு போர்வை தைச்சாங்க, போத்திக்க. செவுத்துல மாட்ட இல்ல, போத்திக்க. நான் இதை மியூசியத்துல மாட்டற மாதிரி மனசுக்குள்ள எங்கயோ மாட்டி வெச்சு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், யாரு யாரு பாராட்டுவாங்கன்னு கூட.

அதுக்காக ஆசை போகவும் இல்ல. ரெண்டாவது ஒண்ணு தைக்கணும். சுத்துப்பட்டு வேலி சேலையெல்லாம் கேட்டு வாங்கணும்.

செப்டம்பர் 2
பாதி முடிஞ்சுது. மணிக்கட்டு வீங்கியிருக்கு. இவரு வெந்நீர் வெச்சு குடுத்துட்டு, ஸ்டாம்ப் செட் விஷயமா பொண்ணுக்கு போன்.

செப்டம்பர் 6
நடுவுல ஒரு சதுரம் காலியா விட்டிருக்கேன். எதை வெச்சாலும் பொருந்தல.

செப்டம்பர் 11
போன்ல அந்த வீடியோ இன்னும் டவுன்லோடே ஆகாம மங்கலா நிக்குது. நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்ட். மழை வர மாதிரி இருக்கு, மாடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வந்து