சார்ல்ஸ் கிரம்மின் நோட்டுகள்

'கிரம்' ஆவணப்படத்தில் யாரும் கத்தாத, யாரும் அழாத ஒரு பகுதி உண்டு. படத்தின் நாயகனான அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் கிரம், தன் அண்ணன் சார்ல்ஸ் இளவயதில் வரைந்த காமிக்ஸ் நோட்டுகளைப் புரட்டிக் காட்டுகிறார், அவ்வளவுதான். படத்தை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ராபர்ட்டின் பாலியல் கிறுக்குகளும் தம்பி மேக்ஸனின் ஆணிப்படுக்கையும்தான் மனதில் நிற்கும். இரண்டாம் தடவை பார்க்கும்போது இந்த நோட்டுகள் வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 119 நிமிடப் படமும் அந்தச் சில நிமிடங்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஆரம்பத்தில் கடற்கொள்ளையர் கதைகள். 1950இல் டிஸ்னி எடுத்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தைப் பார்த்த சார்ல்ஸ், அதன்பிறகு அதிலிருந்து வெளியே வரவே இல்லை. அதில் வரும் கொள்ளையன் லாங் ஜான் சில்வரையும் கதையின் நாயகனான பையனையும் வைத்துப் பக்கம் பக்கமாக வரைந்தார். ஆரம்பக் கோடுகளைப் பார்த்தால் தேர்ந்த கை என்று தெரியும். உருவங்கள் துள்ளுகின்றன, முகங்கள் பேசுகின்றன. அண்ணன்தான் தன்னைக் காமிக்ஸ் பக்கம் இழுத்தவர் என்று ராபர்ட் சொல்வது அடக்கத்துக்காக அல்ல என்பதற்கு இந்தப் பக்கங்களே சாட்சி.

போகப் போக மூன்று மாற்றங்களைக் கவனிக்கலாம். முதலாவது, பாத்திரங்களின் வசனத்தை எழுதும் பேச்சு பலூன். கட்டத்தின் மூலையில் இருந்த பலூன் பாதிக் கட்டத்தைப் பிடிக்கிறது, பிறகு முக்கால் கட்டத்தை. பாத்திரங்கள் இண்டு இடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாவது, மடிப்புகள். கோட்டுத் துணி முழங்கையில் மடங்குவதைக் காட்ட ஓவியர் நான்கைந்து கோடு போடுவது வழக்கம். சார்ல்ஸின் நோட்டில் அந்தக் கோடுகள் பெருகிப் பெருகி, உருவம் முழுக்க சுருக்கம் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. படமே காணாமல் போய் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் கொஞ்ச நாளில் எழுத்தாக இல்லை. தள்ளிப் பார்த்தால் பக்கம் நிறைய நெருக்கி எழுதியதுபோல் இருக்கும். பக்கத்தில் போனால் ஒரு சொல்கூடத் தேறாது. வரி வரியாகப் பொடிக் கீறல்கள். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்பார்கள். இங்கே பழக்கம் மிச்சமிருக்கிறது, சித்திரம் போய்விட்டது.

இதற்கு என்ன காரணம் என்று படம் சொல்வதில்லை. மனநல மருத்துவர் ஒருவரை உட்காரவைத்து விளக்கம் கேட்கவும் இல்லை. இயக்குநர் டெர்ரி ஸ்விகாஃப் செய்த நல்ல முடிவுகளில் இது ஒன்று.

வீட்டு நிலவரம் படத்தில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அப்பா அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரீன் கோரில் இருந்தவர், கண்டிப்பானவர், பிள்ளைகளை அடிப்பவர். ராபர்ட்டுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவர் அடித்ததில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பிள்ளைகளை எப்படிக் கையாள்வது என்று புரியாத அந்த மனிதர், ஆட்களுக்குத் திறம்படப் பயிற்சி தருவது பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இதைப் படம் எந்த நக்கலும் இல்லாமல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அம்மா பியாட்ரிஸ், உடல் மெலிய மாத்திரை என்று ஆரம்பித்து ஆம்ஃபெடமின் என்ற ஊக்கமருந்துப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர். பிள்ளைகள் ஐந்து பேர்: கேரல், சார்ல்ஸ், ராபர்ட், மேக்ஸன், சாண்ட்ரா. சின்ன வயதில் ஐவரும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் சார்ல்ஸ். மேக்ஸனுக்குக் கிடைத்த பதவி, சாமான் எடுத்துக் கொடுக்கும் பையன். வரைய மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 1958இல் சார்ல்ஸும் ராபர்ட்டும் 'ஃபூ' என்று ஓர் இதழ் அச்சடித்து வீடு வீடாகப் போய் விற்றார்கள். பெரிதாக விற்கவில்லை.

படமெடுத்த காலத்தில் சார்ல்ஸுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவோடு ஒரே வீட்டில், மாடி அறையில், மனச்சோர்வு மருந்துகளின் தயவில், படித்த பழைய நாவல்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு இருந்தார். வெளியே போவதே அரிது. பேச்சிலோ கூர்மையும் கிண்டலும் குறையவே இல்லை. தன் நிலைமையை அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார். ஒரு காலத்தில் தம்பியைக் கொன்றுவிடத் தோன்றியதையும் அதே குரலில்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் ராபர்ட் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எவ்வளவு மோசமான விஷயமோ அவ்வளவு சிரிப்பு வருவதைக் கவனித்தால், அந்த வீட்டில் அடியைத் தாங்க அவர் கற்றுக்கொண்ட வழி அது என்று புரியும்.

இந்தக் காட்சிகள் எப்படிக் கிடைத்தன என்பது ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஸ்விகாஃப் வெளியாள் இல்லை. ராபர்ட்டின் பழைய நண்பர். 'சீப் சூட் செரனேடர்ஸ்' என்ற அவர்களுடைய இசைக்குழுவில் கூடவே வாசித்தவர். இருவரையும் பிணைத்தது 1920களின் 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகள் மீதான பைத்தியம். ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற பழைய வயலின் கலைஞரைப் பற்றி 1985இல் 'லூயி புளூயி' படத்தை எடுத்து முடித்தபிறகு இதில் இறங்கினார். படப்பிடிப்பே ஆறு வருடம் போல இழுத்தது. ஒளிப்பதிவு மரீஸ் ஆல்பெர்ட்டி, படத்தொகுப்பு விக்டர் லிவிங்ஸ்டன். போஸ்டரில் பிரபல இயக்குநர் டேவிட் லிஞ்ச் பெயர் பெரிதாக இருக்கும். படத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கில்லை, வெளியாக உதவ பெயரைக் கொடுத்தார்.

16 மி.மீ. ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஒன்று ஓடுவது ஏறக்குறைய 11 நிமிடம். வாய் திறக்க யோசிக்கும் ஆளிடம் இந்த 11 நிமிடம் பெரிய தொல்லை. மனிதர் பேச ஆரம்பிக்கும் நேரத்தில் சுருள் தீர்ந்துவிடும்; மாற்றிவிட்டு வந்தால் பேச்சு ஆறிப்போயிருக்கும். இதற்கு இந்தப் படத்தில் இருக்கும் விடை, சார்ல்ஸிடம் பேசும் பொறுப்பைப் பெரும்பாலும் ராபர்ட்டிடமே விட்டுவிடுவது. அண்ணன் தம்பி பேச்சுக்கு முன்னுரை தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேமரா மூன்றாவது ஆளாக ஓரத்தில் இருந்தால் போதும். "உங்கள் குழந்தைப்பருவம் எப்படி இருந்தது" என்று நேரே உட்கார்ந்து கேட்டிருந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு வந்திருக்காது.

காமிக்ஸைத் திரையில் காட்டுவது தனித் தலைவலி. பக்கம் நெட்டுக்குத்து, திரை படுக்கை. முழுப் பக்கத்தைக் காட்டினால் எழுத்து படிக்க முடியாது. ஒரு கட்டத்தை மட்டும் காட்டினால் பக்கத்தின் தாளம் போய்விடும். வாசகர் தன் வேகத்தில் கண்ணை ஓட்டுவார், படத்திலோ அந்த வேகத்தை வேறொருவர் முடிவு செய்கிறார். இந்தச் சிக்கலைப் படம் மிக அழகாகத் தாண்டும் இடம், ராபர்ட் 1979இல் வரைந்த 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் அமெரிக்கா'. மொத்தம் 12 கட்டங்கள், எல்லாவற்றிலும் ஒரே இடம், ஒரே கோணம். முதல் கட்டத்தில் வெறும் புல்வெளியும் மரங்களும். அப்புறம் தண்டவாளம், ஒரு வீடு, மண் சாலை, கம்பங்கள், டிராம், கார்கள். கடைசியில் கம்பிகளுக்கு நடுவே வானத்தைத் தேட வேண்டியிருக்கிறது. படம் இதைப் பியானோ இசையை மட்டும் வைத்துக் கட்டம் கட்டமாக மாற்றிக் காட்டுகிறது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல்.

அந்தக் கம்பிகளுக்கும் ஒரு வேலைமுறை இருக்கிறது. மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், சிக்னல், விளம்பரப் பலகை இதையெல்லாம் ஞாபகத்திலிருந்து வரைய முடியாது. தினமும் பார்த்தாலும் கண் அதைக் கழித்துவிடும். அதனால் ராபர்ட் சாதாரணத் தெருமுனைகளின் புகைப்படங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அழகான எதுவும் அதில் கிடையாது.

அவர் கையில் பெரும்பாலும் இருப்பது ரேப்பிடோகிராஃப் பேனா, அல்லது தொட்டு எழுதும் குரோகுவில் நிப். ரேப்பிடோகிராஃபில் மை ஒரு மெல்லிய உலோகக் குழாய் வழியே இறங்கும், உள்ளே மயிரிழைக் கம்பி ஒன்று அடைப்பை நீக்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் கோட்டின் தடிமன் மாறாது. எனவே நிழல் வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் ஒரு திசையில் வரிசையாக, அது காய்ந்தபிறகு சற்றுச் சாய்த்து இரண்டாவது வரிசை, இன்னும் இருட்டு வேண்டுமானால் மூன்றாவது. ஈரத்தின் மேல் குறுக்கே இழுத்தால் சந்திக்கும் இடங்களில் மை தேங்கிப் பொட்டுப் பொட்டாகிவிடும். நிப்பில் அழுத்தத்துக்கேற்பக் கோடு பருக்கும், மெலியும், தவறினால் தெறிக்கும். ராபர்ட்டின் ஆட்கள் எல்லோரும் வியர்த்து, மயிர் அடர்ந்து, சதை பிதுங்கித் தெரிவது இந்தக் குறுக்குக் கோட்டு வேலையால்தான். அண்ணன் நோட்டில் கட்டுமீறிப் பெருகிய அதே கோடு, தம்பி கையில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிறது.

அவர் பிழைப்பு பற்றிய விவரங்கள் பழைய காமிக்ஸ் ரசிகர்களுக்குத் தெரிந்தவைதான். 1962இல் கிளீவ்லாந்தில் வாழ்த்து அட்டை நிறுவனத்தில் வேலை, பிறகு எல்.எஸ்.டி. போதை, 1967இல் சான் பிரான்சிஸ்கோ, 1968இல் அவருடைய 'ஸாப் காமிக்ஸ்' இதழ். அதன் முதல் இதழைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் விற்றார்கள். அதற்குமுன் தயாரான வேறோர் இதழின் அசல் பக்கங்கள், வெளியிடுவதாக வாங்கிப் போனவரோடு காணாமல் போயின. ஜெராக்ஸ் நகல் இருந்ததால் பிழைத்தது. அந்தக் காலத்து ஜெராக்ஸ், கோடுகளைப் பிடிக்கும், பெரிய கறுப்புப் பரப்புகளை வெளுத்துவிடும். கறுப்பு இடங்களை மறுபடி மையால் நிரப்பி 'ஸாப்' பூஜ்யம் எண் இதழாக வெளியிட்டார். தான் உருவாக்கிய 'ஃபிரிட்ஸ் தி கேட்' பூனையை 1972இல் வேறொருவர் எக்ஸ் சான்றிதழ் (வயது வந்தோருக்கு மட்டும்) அனிமேஷன் படமாக எடுத்தது பிடிக்காமல், அடுத்த கதையிலேயே அந்தப் பூனையைக் கொன்றுவிட்டார். ஜானிஸ் ஜாப்ளின் பாடிய 'சீப் திரில்ஸ்' தட்டின் உறைக்கு அவருக்குக் கிடைத்தது 600 டாலர்.

படம் அவருக்குப் பாராட்டு விழா நடத்தவில்லை. கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் அவரைப் பழைய ஃப்ளெமிஷ் ஓவியர் ப்ரூகலோடு ஒப்பிடுகிறார். உடனே பத்திரிகையாளர் டெய்ட்ரி இங்கிலிஷும் காமிக்ஸ் ஓவியர் ட்ரினா ராபின்ஸும் பெண்களை அவர் வரையும் விதத்தைப் போட்டுக் கிழிக்கிறார்கள். 'ஸாப்' நான்காம் இதழில் வந்த 'ஜோ ப்ளோ' கதையைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. விளம்பரத்தில் வரும் லட்சணமான குடும்பம் ஒன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் பாலுறவு கொள்வதாக வரும் கதை அது. அந்த இதழை விற்றதற்காக நியூயார்க்கில் புத்தகக் கடைக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கறுப்பின மக்களை அவர் வரைந்த விதமும் பேசப்படுகிறது. தனக்குள் இருக்கும் குப்பையை வெளியே கொட்டுவதாக அவர் சொல்லும் பதில் பாதிதான் செல்லுபடியாகும். அந்தக் குப்பை மற்றவர்கள் வாசலில்தான் விழுகிறது. இரண்டு தரப்பையும் வெட்டாமல் வைத்த படத்தொகுப்புக்கு இங்கே ஒரு கும்பிடு.

மேக்ஸன் பகுதி பலருக்குத் தாங்காது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மலிவு விடுதி அறை, ஆணிப்படுக்கையில் தியானம், தெருவில் பிச்சைப் பாத்திரம், குடலைச் சுத்தம் செய்ய நீண்ட துணி நாடாவை விழுங்கும் பயிற்சி. பெண்களிடம் தான் அத்துமீறியதையும் அவரே வாயால் சொல்கிறார். ஆனால் அங்கேயும் சுவரில் சாய்ந்திருக்கும் தைல ஓவியங்களைப் பாருங்கள், யாரையும் போல வரையாத கை. சாமான் எடுத்துக் கொடுக்க வைத்திருந்த பையன்.

1995 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படத்துக்கான கிராண்ட் ஜூரி பரிசு இதற்குக் கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடமே இல்லை. முந்தின வருடம் 'ஹூப் ட்ரீம்ஸ்' என்ற ஆவணப்படம் விடுபட்டதோடு இதுவும் சேர, ஆவணப்படத் தேர்வு முறையையே அகாடமி மாற்ற வேண்டி வந்தது. 2010இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட டிஸ்க் பதிப்பில் படத்தில் சேராத காட்சிகளும் உண்டு. சகோதரர்களுக்காகவாவது அதைத் தேடிப் பார்க்கலாம்.

படத்தின் முடிவில் ராபர்ட்டும் மனைவி அலீனும் மகள் சோஃபியும் பிரான்சுக்குக் குடிபெயர்கிறார்கள். ஆட்கள் பெட்டிகளைத் தூக்க, ராபர்ட் கண்ணெல்லாம் இசைத்தட்டுகள் மேல். அந்தக் காலத்து ஷெல்லாக் (அரக்குப் பிசின்) தட்டு லேசாகத் தட்டினாலே விரிசல் விடும், படுக்கையாக அடுக்கினால் பாரம் தாங்காமல் அடித்தட்டு உடையும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கவலை நியாயம்தான். தென் பிரான்சில் அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு அவர் கொடுத்த விலை, தான் வரைந்த ஆறு ஸ்கெட்ச் நோட்டுகள்.

அதன்பிறகு திரையில் எழுத்துகள் வருகின்றன. தன்னைப் படமெடுத்து ஓராண்டு கழித்து சார்ல்ஸ் தற்கொலை செய்துகொண்டார். சகோதரிகள் இருவரும் படத்தில் பேச மறுத்துவிட்டார்கள்.